இரண்டு பேருக்கு ஒரு வாத்துச் சட்டை

அக்கா,

இன்று காலை ஃபேக்டரியில், உடுப்பு மாற்றும் அறையில், என் தோளில் ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுதான். பசை உருளையை என் முதுகில் உருட்டிக்கொண்டிருந்த புதுப்பெண் அதைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, இது என்ன, கோழியா?" என்று கேட்டாள். வாத்து என்றேன். விடிந்தும் விடியாததுமாய் வாத்துக்கறி தின்றுவிட்டு வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள் போல, என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். சிப் செய்கிற அறைக்குள் ஒரு தலைமுடி போனாலே பஞ்சாயத்து கூடும். இறகு போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. இருபத்து மூன்று வருஷம் அந்த அறைக்கு சூப்பர்வைசராக இருந்து எங்கள் எல்லாரையும் ஆட்டிப்படைத்தவர் நீங்கள்தானே. நான் அந்த இறகைக் குப்பையில் போட மனமில்லாமல், மறுபடி வெளியே போய் என் கைப்பைக்குள் வைத்துவிட்டு வந்தேன். அதனால் பத்து நிமிஷம் தாமதம். அதற்கு ஒரு ஏச்சும் வாங்கினேன்.

வேலைக்குக் கிளம்புமுன் நம் இரண்டு சட்டைகளையும் பெட்டியிலிருந்து எடுத்து உதறிக் காற்றாடப் போட்டேன். அப்போதுதான் ஒட்டியிருக்கும். மாதம் ஒருமுறை தவறாமல் என் சட்டைக்கு இதைச் செய்வேன், இந்தத் தடவை உங்களுடையதும் சேர்ந்துகொண்டது. என் அடுக்குமாடி நடையில், இந்தப் பினாங்கு வெயிலில், பனிமலைக்குப் போகிற சட்டை தொங்குவதைப் பார்த்து எதிர்வீட்டுச் சீன அண்ட்டி ஒவ்வொரு தடவையும் எந்த நாட்டுக்குப் போகிறாய் என்று கேட்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் இதோ எதிர்க்கரைப் பட்டர்வொர்த்துக்கு என்று சொல்லிவைக்கிறேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விடுவார். எந்த இறகு எந்தச் சட்டையிலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க வழியில்லை. உங்களுடையதாக இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

நான் எழுதவந்தது வேறு விஷயம். அதைச் சொல்லுமுன் கொஞ்சம் சுற்றிவருகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நேராக விஷயத்துக்கு வருகிற பழக்கம் எனக்கு என்றைக்கு இருந்தது?

எல்லாவற்றையும் ஆரம்பித்துவைத்தவன் நம் ஜாகா தம்பி. ஆறு வருஷம் பாயான் லெப்பாஸில் நம் ஃபேக்டரி வாசலில் காவலுக்கு நின்ற நேப்பாளத்துக்காரன். ஷிஃப்ட் முடிந்து போகும்போது பைகளைச் சோதித்துக்கொண்டே போனில் தன் ஊர் மலைகளைக் காட்டுவான். நாங்களெல்லாம் அழகாயிருக்கிறது என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுக் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவோம். நீங்கள் மட்டும் மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நின்று பார்த்தீர்கள். இதன் உச்சிக்கு மனிதர்கள் போகிறார்களா, பொம்பளைகள் போகிறார்களா, ஐம்பது வயசுக்காரர்கள் போகிறார்களா என்று கேள்வி மேல் கேள்வி. பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. அன்றைக்கு நான் இறங்குகிற இடம் நெருங்குகிற வரைக்கும் நீங்கள் வாயைத் திறக்கவில்லை. பிறகு சன்னலைப் பார்த்தபடியே சொன்னீர்கள்.

"நம்ம வேலை செய்யிறது மெஷின் குளிருலா. சாமி போட்ட குளிரு எப்படி இருக்கும்னு ஒரு தடவ பாத்துரணும்."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை.

தம்பி ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனான், மலையேறுகிறவர்களுக்கு வழிகாட்டியானான். ஒரு நாள் உங்களுக்கு மலாயில் செய்தி அனுப்பினான்: வாங்க அக்கா, ஆறாயிரம் மீட்டர் மலை ஒன்று இருக்கிறது, கயிறு கட்டி நானே உச்சிக்குக் கூட்டிப்போகிறேன். அவ்வளவுதான். அதற்கப்புறம் இரண்டு வருஷம் ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று எனக்கு இல்லாமல் போனது. பட்டர்வொர்த்திலிருந்து முதல் ஃபெர்ரியில் வந்து இறங்கி, என் வீட்டுக் கதவைத் தட்டி, தண்ணீர்மலையிலிருந்து ஜீப் ரோட்டைப் பிடித்துக் கொடிமலை உச்சிவரைக்கும் என்னை இழுத்துக்கொண்டு போவீர்கள். முதுகுப்பையில் தண்ணீர்ப் புட்டிகள், அரிசி மூட்டை. ஒருநாள் அரிசிப்பை கிழிந்து வழியெல்லாம் கொட்ட, குரங்குகள் நம்மை ஊர்வலமாகக் கூட்டிக்கொண்டு போனதே, மறக்க முடியுமா? எனக்கு மலைமேல் அப்படி ஒன்றும் ஆசையில்லை அக்கா. உங்களோடு நடப்பது பிடித்திருந்தது, நடந்து முடித்ததும் ரொட்டி சானாய் பிடித்திருந்தது.

சட்டைகள் பார்சலில் வந்த நாள் உங்கள் வீட்டில் திருவிழா. தம்பி எழுதி அனுப்பிய பட்டியலில் மற்ற எல்லாவற்றையும் அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம், இறகுச் சட்டை மட்டும் சொந்தமாக, நல்லதாக, எடையில்லாததாக வாங்குங்கள் என்று இருந்தது. பிரித்தால் கைக்குள் அடங்குகிற ஒரு பொட்டலம். நீங்கள் ஏமாந்துபோனீர்கள். இவ்வளவு கொடுத்து இத்தனூண்டா? பிறகு அது உங்கள் மடியில் மெதுவாக மூச்சு வாங்கி எழும்பியது. கட்டம் கட்டமாகத் தைத்த மெல்லிய துணி, வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே வாத்தின் மென்பஞ்சு நிழலாய்த் தெரிந்தது. தூக்கினால் கனமே இல்லை. ஏர்கண்டிஷனைப் பதினாறில் வைத்து, இருவரும் மாட்டிக்கொண்டு உங்கள் சோபாவில் உட்கார்ந்தோம். வேலை முடிந்து வந்த அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், கதவைத் திறந்து பார்த்துவிட்டு, யாருக்குக் காய்ச்சல் என்று பதறிப்போய்க் கேட்டார். "இருவது வருஷமா முயல் மாதிரி வெள்ள உடுப்பு போட்டேன், இப்ப வாத்தாயிட்டேன்" என்று நீங்கள் சொன்னதிலிருந்துதான் அதற்கு வாத்துச் சட்டை என்று பெயர் வந்தது.

அந்தச் சட்டையை நீங்கள் பார்த்துக்கொண்ட விதத்தை என்னவென்று சொல்ல! இறகுக்கு ஈரம்தான் எமன் என்று தம்பி சொல்லியிருந்தான். ஈரப்பட்டால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் சூடு நிற்காது. சிப் பெட்டிகளில் வைக்கிற ஈரங்காட்டி அட்டை தெரியுமே, காய்ந்திருந்தால் நீலம், ஈரமென்றால் ரோஸ். வீணாய்ப்போன பெட்டிகளிலிருந்து அதைப் பொறுக்கி, ஈரம் உறிஞ்சுகிற பொட்டலங்களோடு சட்டைப் பெட்டிக்குள் வைத்தீர்கள். எனக்கும் ஒரு பெட்டி செய்து கொடுத்தீர்கள். வாரம் ஒருமுறை போன் போட்டு, "அட்ட என்ன கலரு?" என்பீர்கள். நான் பெட்டியைத் திறக்காமலே நீலம் என்று புளுகுவேன்.

சரி, மலைக்கு வருகிறேன்.

அடிவாரத்திலேயே தம்பி நமக்கு ஒரே ஒரு பாடம்தான் நடத்தினான். "ஜாலான், புக்கா. பெர்ஹெந்தி, பாக்காய்." நடந்தால் கழற்று, நின்றால் போடு. ஏறும்போது உடம்பு கொதிக்கும், சட்டையைப் போட்டுக்கொண்டு ஏறினால் வேர்வையில் ஊறிவிடும் என்று தினமும் காலையில் சொன்னான். நாமும் கோயில் மணி மாதிரித் தலையை ஆட்டினோம். ஐந்து நாள் ஒழுங்காகத்தான் நடந்தோம். ஆறாவது நாள், மேல் கூடாரத்துக்குப் போகிற நாள், காற்று அடித்த அடியில் தம்பி கயிற்றோடு முன்னால் போய்விட்டான். நீங்கள் நடுவில், நான் கடைசியில்.

நீங்கள் காலையில் மாட்டிய சட்டையைக் கழற்றவேயில்லை. கழுத்துவரை ஜிப் போட்டபடி ஏழு மணி நேரம் ஏறினீர்கள். பிற்பாடு ஏன் என்று நான் கேட்டேன், உங்களுக்கே தெரியவில்லை. எனக்குத் தெரியும். நம் அறையில் உடுப்பை மாட்டினால் ஓய்வுநேரம் வரைக்கும் ஜிப்பில் கை வைக்கக்கூடாது. வேர்த்தாலும், அரித்தாலும், மயக்கமே வந்தாலும் கூடாது. அந்தச் சட்டத்தை இருபத்து மூன்று வருஷமாக எங்களுக்குப் போதித்தவர் நீங்கள். களைத்துப்போய், மூளை வேலை செய்யாத உயரத்தில், உங்கள் கை எந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படும்? நான் வேலையிலேயே ஒழுங்கில்லாதவள். நீங்கள் அந்தப் பக்கம் திரும்பினால் முகமூடியை இறக்கி மூச்சு வாங்குகிறவள். கொஞ்சம் வேர்த்ததும் சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்துவிட்டேன். ஒழுங்காய் இருந்தவரின் சட்டை நனைந்தது, ஒழுங்கில்லாதவளின் சட்டை காய்ந்திருந்தது.

கூடாரத்துக்குள் தம்பி உங்கள் சட்டையை வாங்கி முதுகுப் பக்கத்தை அழுத்திப் பார்த்தான். அழுத்திய இடம் எழும்பவில்லை. பஞ்செல்லாம் நனைந்த சோற்றுருண்டையாகக் கட்டத்தின் மூலையில் கிடந்தது. வெந்நீர்ப் புட்டியை உள்ளே வைத்துப் பார்த்தோம், விரல்விட்டு ஒவ்வொரு கட்டமாய்ப் பிரித்துப் பார்த்தோம். வெளியே பனி கொட்டத் தொடங்கியிருந்தது, வெயில் வருகிற வழியாய் இல்லை. நம்மைத் தவிர அங்கே வேறு கூடாரமும் இல்லை, போய்க் கடன் கேட்க. மறுநாள் காலை மட்டும்தான் நல்ல வானிலை, அதற்கப்புறம் மூன்று நாள் புயல். தம்பி நம் இருவர் முகத்தையும் பார்க்காமல், கீழே பார்த்துக்கொண்டு சொன்னான்.

"ரெண்டு அக்கா, ஒரு சட்டை. ஒரு அக்காதான் போகலாம்."

சொல்லிவிட்டுத் தண்ணீர் காய்ச்சுகிறேன் என்று வெளியே போய்விட்டான். நல்லவன், நாம் பேசிக்கொள்ளட்டும் என்று போனான். நாம் எங்கே பேசினோம்?

அந்தச் சட்டை என்னுடையதுதான். ஆனால் அந்த மலை உங்களுடையது. எனக்கும் உங்களுக்கும் ஒரே அளவுதான். எடுத்து நீட்டியிருந்தால் முடிந்தது. நீங்கள்தான் முதலில் வாயைத் திறந்தீர்கள்: "நீ போயிட்டு வா."

நாமெல்லாம் எப்படிப்பட்ட ஆட்கள் அக்கா! ஒரு வீட்டுக்குப் போனால் தேத்தண்ணிக்கே மூன்று தடவை வேண்டாம் சொல்கிறவர்கள். உங்கள் வீட்டில் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறேன், அப்போதும் முதல் கரண்டிக்குக் கையை மறித்து 'போதும்க்கா' என்றுதான் சொல்வேன். நீங்கள் அதைக் காதில் வாங்காமல் போடுவீர்கள். அதுதான் முறை. அன்றைக்கு ஒரு தடவையாவது, ஒப்புக்காவது, 'வேணாம்க்கா, நீங்க போட்டுக்குங்க' என்று நான் சொல்லியிருக்க வேண்டும். வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. உண்மையைச் சொல்கிறேன், வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. மலைமேல் ஆசையில்லாமல் கிளம்பிய எனக்கு அந்த ஆறு நாளில் ஆசை வந்துவிட்டிருந்தது. வேண்டாம் என்று சொன்னால் நீங்கள் சரி என்று சொல்லிவிடுவீர்களோ என்று பயந்தேன்.

"சரிக்கா" என்றேன். முதல் வார்த்தைக்கே.

நீங்கள் தலையை ஆட்டினீர்கள். பிறகு என் காலுறைகளை எடுத்துச் சரிபார்த்தீர்கள், என் கையுறைகளை உங்கள் வயிற்றோடு அணைத்துச் சூடாக்கினீர்கள். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் நானும் தம்பியும் உச்சிக்குப் போய் மதியத்துக்கு முன்னால் இறங்கினோம், அதற்குள் புயல் மேகம் வந்து உச்சியை மூடிவிட்டிருந்தது. கூடாரத்துக்கு வெளியே, தூங்குபையை இடுப்பில் சுற்றிக் கயிறு கட்டிக்கொண்டு, கையில் சுடச்சுட மைலோவோடு நின்றீர்கள். எவ்வளவு நேரமாய் நின்றீர்களோ, உதடு வெளுத்திருந்தது. "எப்படிடீ இருந்துச்சு?" என்று கேட்டீர்கள். அந்த முகத்தைப் பார்த்து எனக்கு உண்மை சொல்ல வாய் வரவில்லை.

"ஒண்ணுமே இல்லக்கா. ஒரே மேகம்."

பின்னால் நின்ற தம்பிக்குத் தமிழ் கொஞ்சம் புரியும். என்னைப் பார்த்தான், பிறகு குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினான். பார்க்க ஒன்றும் இல்லை என்றால் நீங்கள் இழந்ததும் ஒன்றும் இல்லை என்று ஆகிவிடும், அதுதான் என் கணக்கு. புத்திசாலி மாதிரி நினைத்துக்கொண்டேன். நீங்கள் என் கன்னத்தைத் தொட்டு, "போவுது, விடு" என்றீர்கள். என்னைத் தேற்றினீர்கள் அக்கா! அந்த மைலோவைக் குடித்து முடிக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

ஊருக்கு வந்தபின் பஸ்ஸில் அந்தக் கதையை நீங்களே எல்லாருக்கும் சொன்னீர்கள், உங்களைக் கிண்டல் செய்துகொண்டே. இருபத்து மூணு வருஷமா ஒரு சிப்பு ஈரமாக விடல, சொந்தச் சட்டைய ஈரமாக்கிட்டேன்லா என்று. பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய? அடுத்த வருஷம் மறுபடி போவோம் என்று பேசிக்கொண்டிருந்தோம். அந்த அடுத்த வருஷம்தான் உங்கள் வயிற்றில் அந்தக் கட்டி வந்தது. ஆஸ்பத்திரியில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மூன்று தடவை இதைச் சொல்ல ஆரம்பித்தேன். முதல் தடவை நர்ஸ் வந்தார். இரண்டாவது தடவை நீங்கள் தூங்கிவிட்டீர்கள். மூன்றாவது தடவை யாரும் வரவில்லை, நீங்களும் தூங்கவில்லை. நான்தான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போன மாதம் அண்ணன் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். உங்கள் சட்டைப் பெட்டியை என்னிடம் கொடுக்க எடுத்து மேசைமேல் வைத்திருந்தார். அட்டை நீலமாகவே இருந்தது. நீங்கள் போனபிறகும் மனிதர் வாரம் தவறாமல் பொட்டலம் மாற்றியிருக்கிறார், ஏன் எதற்கு என்று தெரியாமலே. தேத்தண்ணி கலக்கிக் கொடுத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, மலையிலிருந்து வந்ததும் நீங்கள் அவரிடம் சொன்னதைச் சொன்னார். உங்கள் குரலில் அப்படியே சொன்னார்.

"அவ ஒரு தடவ வேணாம்னு சொல்லியிருந்தா, நான் அந்தச் சட்டைய மாட்டிட்டுப் போயிருப்பேன். எங்க சொல்லிருவாளோன்னு வயித்துல நெருப்பக் கட்டிக்கிட்டு உக்காந்திருந்தேன். தப்பு என்னோடது, அவ ஏன் கீழ உக்காரணும்? நல்லவேள, அந்தப் புள்ள முறைக்குக்கூட வாயத் தொறக்கல."

தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தேன். மூன்று வருஷமாய் என் வெட்கங்கெட்டத்தனம் என்று நான் நினைத்துக் குமைந்ததை நீங்கள் நல்லவேளை என்று சொல்லியிருக்கிறீர்கள். நான் அழுதேன், அவரும் அழுதார். பிறகு அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று சொன்னார். அதைக் கேட்டபின்தான் இந்தக் கடிதத்தை எழுதாமல் இருக்க முடியாது என்று ஆனது.

"அவளுக்கு ஒரே ஒரு கொறதாம்மா. கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தா. பாவம், அவ அவ்ளோ தூரம் ஏறியும் ஒண்ணும் பாக்கலயே, மேகம் மறைச்சிருச்சேன்னு."

அக்கா, நான் சொன்னது பொய். உங்களுக்கு வலிக்கக்கூடாது என்று சொன்ன பொய், நீங்கள் எனக்குக் கொடுத்ததையே உங்களிடமிருந்து பிடுங்கிவிட்டது. கோபித்துக்கொள்ளுங்கள், காதைத் திருகுங்கள். ஆனால் இப்போது கேளுங்கள்.

மேகமே இல்லை. ஒரு பொட்டு மேகம் இல்லை. வானம் நீலமாகக்கூட இல்லை அக்கா, அந்த உயரத்தில் அது கறுப்புக்குப் பக்கத்தில் போய்விட்டிருந்தது. சூரியன் வந்ததும் முதலில் தூரத்து மலைகளின் நுனி மட்டும் மஞ்சளாகி, பிறகு ஒவ்வொன்றாய்க் கீழே இறங்கி, என் பூட்ஸ் வரைக்கும் வெளிச்சம் வந்தது. தம்பி கையை நீட்டி ஒவ்வொரு மலைக்கும் பெயர் சொன்னான். பாதியில் நிறுத்திவிட்டு அவனும் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்க்கிறவன், அவனே.

சாமி போட்ட குளிர் எப்படி இருக்கும் என்று கேட்டீர்களே. அதில் சத்தம் இல்லை. நம் அறைக் குளிரில் எந்நேரமும் மெஷின் இரைந்துகொண்டே இருக்கும், வீட்டுக்கு வந்தபிறகும் காதுக்குள் இரையும். அங்கே ஒன்றும் இரையவில்லை. காற்றும் நின்றுபோன ஒரு நேரத்தில் என் இதயம் அடிப்பது எனக்குக் கேட்டது. மூக்கு உள்ளே உறைந்து முள்ளாய்க் குத்தியது, கண்ணில் வந்த நீர் இமையிலேயே கெட்டியானது. உங்கள் பெயரைச் சொன்னேன், வாயிலிருந்து வந்த ஆவி கலையாமல் கொஞ்ச நேரம் முன்னாலேயே நின்றது. பிறகு சட்டையின் ஜிப்பை வயிறுவரைக்கும் இறக்கி, அந்தக் குளிரை உள்ளே விட்டேன். தம்பி திட்டினான். நூறு எண்ணுகிற வரைக்கும் மூடவில்லை. ஐம்பது எனக்கு, ஐம்பது உங்களுக்கு.

எல்லாம் பார்த்தேன் அக்கா. நீங்கள் கொடுத்தது குறையில்லாமல் எனக்குக் கிடைத்தது.